ஒரு விகுதி, மூன்று பணி

பள்ளி நாளில் ரயில்களைப் பற்றிய ஆங்கிலப் பாடம் ஒன்றில் 'ஸ்லீப்பிங் கார்' என்பதைத் 'தூங்குகின்ற பெட்டி' என்று மொழிபெயர்த்தேன், வகுப்பே நகைத்தது. 'ஸ்லீப்பிங் சைல்டு' தூங்குகின்ற குழந்தையானால், இது மட்டும் ஏன் பிழை?

விடை பின்னரே கிடைத்தது. பழைய ஆங்கிலத்தில், நம் பெயரெச்சம் போன்ற வடிவுக்கு 'எண்டெ' என்றும், தொழிற்பெயருக்கு 'உங்', 'இங்' என்றும் வெவ்வேறு விகுதிகள் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் 'இங்' என ஒன்றாகிவிட்டன. ஆகவே இன்று வடிவத்தைக் கொண்டு தெளிய இயலாது. வாக்கியத்தில் அது ஆற்றும் பணியையே நோக்க வேண்டும்.

'சுவிம்மிங் இஸ் ஈஸி' என்பதில் அஃது எழுவாய். 'நீந்துதல்' போன்ற தொழிற்பெயர். 'ஹீ இஸ் சுவிம்மிங்' என்பதில் துணைவினையோடு சேர்ந்து பயனிலையாகி, நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டுகிறது. பெயருக்கு முன் நிற்கும்போதுதான் மயக்கம் மிகுதி. 'சைல்டு' என்பதன் முன் நிற்பது பெயரெச்சம், தூங்குவது குழந்தையே. 'கார்' என்பதன் முன் நிற்பதோ தொழிற்பெயர். தூங்குதற்குரிய பெட்டி என்பது பொருள். பெட்டி தூங்குவதில்லை!

ஐயம் எழுந்தால், 'இச்செயலைச் செய்வது எது?' என்று கேளுங்கள். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.