திரையில் சிரிப்பும் போரின் கண்ணீரும்

சாவு வீட்டில் சிரிப்பவரை உலகம் பழிக்கும். துன்பத்தில் இருப்பவர்முன் நாம் வாய் விட்டுச் சிரிப்பதில்லை, அது பண்பன்று. அப்படியிருக்க, மனித வரலாற்றிலேயே மிகக் கொடிய ஒரு நிகழ்ச்சியை நகைச்சுவைப் படமாக எடுக்கலாமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹிட்லரின் நாஜி ஆட்சி ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றது. அவர்களுள் சுமார் 15 இலட்சம் பேர் குழந்தைகள். இதைச் சொல்லும்போது சிரிப்புக்கு இடம் ஏது என்று நாம் கேட்பது இயல்பே. ஆயினும் பெருங்கலைஞர் சிலர் துணிந்து அவ்வாறு படம் எடுத்தனர். அவர்கள் செய்தது சரியா என்பதைச் சற்று ஆராய்வோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறும்போது நகையை முதலாவதாகவும், அழுகையை அதற்கு அடுத்ததாகவும் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் குறிப்பிட்டார். எள்ளல் என்பது இகழ்ந்து நகைத்தல். பேதைமை என்பது அறியாமை. நாம் காணப்போகும் படங்களில் இவ்விரண்டுமே சிரிப்பை எழுப்புகின்றன.

முதலில் நினைவுக்கு வருபவர் சார்லி சாப்ளின். அவர் பிறந்தது 1889 ஏப்ரல் 16. ஹிட்லர் பிறந்தது அதே ஆண்டு ஏப்ரல் 20. இருவருக்கும் ஒரே வகைச் சிறு மீசை! ஒருவர் உலகைச் சிரிக்க வைத்தார். மற்றவர் அழ வைத்தார். 1939 செப்டம்பரில் போர் மூண்ட சில நாட்களிலேயே சாப்ளின் 'தி கிரேட் டிக்டேட்டர்' படப்பிடிப்பைத் தொடங்கினார். படம் 1940 அக்டோபரில் நியூயார்க்கில் வெளியாயிற்று. அப்போது அமெரிக்கா போரில் இறங்கவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படத்தில் சர்வாதிகாரியாகவும், ஏழை யூத நாவிதராகவும் சாப்ளினே இரு வேடங்களில் நடித்தார். சர்வாதிகாரி மேடையேறிக் கத்தும்போது ஒலிவாங்கியே அஞ்சி வளைகிறது. உலக உருண்டை வடிவிலான பலூனைத் தூக்கிப் போட்டு அவன் ஆனந்தமாக ஆடுகிறான். இறுதியில் அது அவன் கையிலேயே வெடித்துவிடுகிறது. பேராசையின் முடிவை இதனினும் எளிதாய் யார் காட்ட முடியும்? இது எள்ளல்.

நாவிதரின் பகுதியில் வருவது பேதைமை. முதல் உலகப் போரில் நினைவிழந்த அவர், பல ஆண்டுகள் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் தம் கடைக்குத் திரும்புகிறார். நாட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. படைவீரர் அவர் கடைக் கண்ணாடியில் 'யூதன்' என்று சாயத்தால் எழுதுகின்றனர். அவரோ அழுக்கைத் துடைப்பதுபோல் அதைத் துடைக்கப் போகிறார். நாம் சிரிக்கிறோம். அடுத்த கணமே, அந்த ஆட்சிதான் பைத்தியம், அவர் அல்லர் என்று உணர்கிறோம்.

இரண்டாவது படம் 1942இல் வெளிவந்த 'டு பி ஆர் நாட் டு பி'. இதை இயக்கிய எர்ன்ஸ்ட் லூபிட்ஷ், பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து ஹாலிவுட்டில் குடியேறியவர். நாஜிகள் பிடித்துக்கொண்ட வார்சா நகரத்து நாடகக் குழுவினர், நாஜி வேடமிட்டு நாஜிகளையே ஏமாற்றுவதுதான் கதை. அக்குழுவில் ஈட்டி பிடித்து நிற்கும் சிறு வேடங்களே பெற்றுவந்த ஒரு யூத நடிகர் இருக்கிறார். ஷைலக் வேடம் ஏற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. யூதனும் மற்றவரைப்போல் மனிதன்தானே என்று ஷைலக் கேட்கும் உரையை, உண்மையான நாஜி வீரர் சூழ நின்று அவர் பேசும் வாய்ப்பு இறுதியில் வருகிறது. அதுவரை சிரித்த நாம் அங்கே மௌனமாகிறோம். வார்சா அல்லற்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் இப்படம் வந்ததால், பண்பற்ற வேடிக்கை என்று அன்று பலர் கண்டித்தனர். பின்னாளில் இது சிறந்த படங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது.

மூன்றாவது, இத்தாலியரான ராபர்ட்டோ பெனினி 1997இல் இயக்கி நடித்த 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்'. இவருடைய தந்தை ஜெர்மானியரின் கட்டாய உழைப்பு முகாமில் துன்புற்றவர். கைடோ என்னும் யூதத் தந்தை தம் சிறு மகனோடு வதை முகாமில் அடைக்கப்படுகிறார். குழந்தை அஞ்சிவிடக் கூடாதென்று, "இது ஒரு விளையாட்டு, ஆயிரம் மதிப்பெண் பெற்றால் உண்மையான டாங்கி பரிசு" என்று கதை கட்டுகிறார். காவலன் ஜெர்மன் மொழியில் முகாமின் கடுமையான விதிகளைக் கூற, அம்மொழியே அறியாத கைடோ அவற்றை விளையாட்டு விதிகளாக 'மொழிபெயர்க்கிறார்'. குழந்தைக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். ஆதலால் நம் சிரிப்பு தொண்டையிலேயே அடைத்துக்கொள்கிறது. இறுதியில் மகன் ஒளிந்திருந்து பார்க்க, தந்தை வேடிக்கையாக நடைபோட்டபடியே கொலைக்களம் செல்கிறார். அவர் சாவதை நாம் காண்பதில்லை. துப்பாக்கி ஒலி மட்டுமே கேட்கிறது. 1999ஆம் ஆண்டு விழாவில் இப்படம் சிறந்த நடிகர் விருது உட்பட மூன்று ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது.

எனினும் இதனையும் குறை கூறினர். அழிப்பு முகாம்களில் சிறு குழந்தைகளுட் பெரும்பாலோர் வந்து இறங்கிய அன்றே கொல்லப்பட்டனர். அங்கே ஒளிந்து விளையாட ஏது இடம் என்று கேட்டனர். நியாயமான கேள்வியே. சாப்ளின்கூட, வதை முகாம்களின் முழுக் கொடுமையை முன்பே அறிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் எழுதினார். எனவே இப்படங்களை வரலாற்றுப் பாடமாகக் கொள்ளலாகாது. வரலாற்றை அறிய, தப்பிப் பிழைத்தோரின் சாட்சியங்களையும் நாட்குறிப்புகளையும் நாம் நாட வேண்டும்.

அவற்றுள் ஒன்று நம் வயதை ஒத்த ஒரு சிறுமி எழுதியது. ஆன் ஃபிராங்க் 1942 முதல் 1944 வரை ஆம்ஸ்டர்டாமில் மறைந்து வாழ்ந்தாள். அச்சத்தின் நடுவிலும் உடன் இருந்தோரின் குணங்களை வேடிக்கையாக எழுதினாள். 1945இல் பெர்கன்-பெல்சன் முகாமில் 15 வயதில் இறந்தாள். துன்புற்றவர்களும் சிரித்தார்கள் என்பதற்கு அவள் நாட்குறிப்பே சான்று. அவர்களைக் கண்ணீர்த் துளிகளாக மட்டும் நினைப்பதும் ஒருவகையில் அவர்களைச் சிறுமைப்படுத்துவதே.

ஆகவே சிரிக்கலாமா என்பதைவிட, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதே முக்கியமான கேள்வி. நாஜிகளும் கேலிச்சித்திரங்கள் வரைந்தனர். யூதரின் மூக்கையும் தாடியையும் காட்டி மக்களைச் சிரிக்க வைத்தனர். அந்தச் சிரிப்பு கொலைக்கு வழி திறந்தது. மேற்கூறிய கலைஞர்களோ கொடியவனின் ஆணவத்தை எள்ளினர். எளியவரின் துயரை எள்ளவில்லை. சிரிப்பு நிற்க வேண்டிய இடத்தில் அதை நிறுத்தவும் அறிந்திருந்தனர்.

தோழியரே, வகுப்பறையில் ஒருத்தியின் நிறத்தையோ, பேச்சையோ, ஏழ்மையையோ சுட்டி நகைச்சுவை எழும்போது, அது எவ்வகைச் சிரிப்பு என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அதில் சேர மறுக்கும் துணிவும் நமக்கு வேண்டும்.