கட்டைவிரலுக்கு ஒரு கணக்கு, மற்ற விரல்களுக்கு ஒரு கணக்கு

பிக் எனப்படும் சிறு தகட்டின் துணையின்றி வலக்கை விரல்களாலேயே கிடாரின் தந்திகளை மீட்டுவது ஃபிங்கர்ஸ்டைல் முறையாகும். இதில் கட்டைவிரல் பெரும்பாலும் தடித்த மூன்று தந்திகளில் கீழ்ச்சுரங்களையும், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் ஆகியவை மெல்லிய மூன்று தந்திகளில் மெட்டையும் எடுத்துக்கொள்வதால், ஒருவரே வாசித்தாலும் இருவர் வாசிப்பது போன்ற நிறைவு கிடைக்கிறது. தாளக்குறியீட்டைப் படிக்கும் சிரமமும் இங்கிருந்தே பிறக்கிறது.

பயில்வோர் பலர் முதலில் நாடும் டேப் முறையில், ஆறு கோடுகள் ஆறு தந்திகளையும், அவற்றின் மேலுள்ள எண்கள் விரல் பதிய வேண்டிய ஃப்ரெட்டையும் காட்டுகின்றன. எண்கள் மட்டுமே உள்ள டேப் இடத்தைச் சொல்லுமே தவிர நேரத்தைச் சொல்லாது. கிடாரின் உறவுக் கருவியான வியுவேலாவுக்காக லூயிஸ் மிலான் 1536இல் வலென்சியாவில் வெளியிட்ட ‘எல் மாயெஸ்த்ரோ’வில் கோடுகளுக்கு மேலே தாளக்குறிகள் உண்டு, ஆனால் அவையும் அடுத்த மீட்டலுக்கு எவ்வளவு நேரம் என்பதைக் காட்டினவே அன்றி, அடியில் ஒலிக்கும் கீழ்ச்சுரம் எதுவரை நீடிக்க வேண்டும் என்பதைக் காட்டவில்லை.

ஐங்கோட்டுக் குறியீடு இதைக் காம்புகளால் தீர்க்கிறது. சுரத்தின் தலையிலிருந்து காம்பு மேல்நோக்கி எழுந்தால் அது மெட்டு, கீழ்நோக்கி இறங்கினால் கட்டைவிரலின் பங்கு; ஒரே தலையில் இரு காம்புகளும் இருந்தால், ஒருமுறை மீட்டிய அச்சுரம் இரு பங்குகளுக்கும் பொதுவானது. இரு பங்குகளையும் தனித்தனியே கூட்டினாலும் நான்கு தட்டு கொண்ட பகுதியில் நான்காகவே வர வேண்டும். மேல்பங்கில் ஓய்வுக்குறி இருந்தால் மெட்டு மட்டுமே ஓய்கிறது, கிடார் மௌனமாவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கீழ்ப்பங்கில் ஒரு தட்டு நீளும் கால் சுரங்கள் நான்கு இருப்பதாகக் கொள்ளலாம். மேலே முதலில் புள்ளியிட்ட கால் சுரம். புள்ளி தன் சுரத்தின் பாதியைக் கூட்டுவதால் அது ஒன்றரைத் தட்டு. அடுத்து அரைத்தட்டு நீளும் அரைக்கால் சுரம், பின்னர் இரண்டு தட்டு நீளும் அரைச் சுரம். முதல் சுரம் கட்டைவிரலோடு சேர்ந்து விழும். இரண்டாவது, கட்டைவிரலின் இரண்டாம், மூன்றாம் மீட்டல்களுக்கு நடுவே விழும். மூன்றாவது மீண்டும் அதனோடு சேரும். கடைசி இரண்டும் ஒரே சுரமாக இருந்து, வளைகோடு அவற்றை இணைத்தால், மூன்றாம் தட்டில் விரல் மீண்டும் மீட்டாது. முந்தைய ஒலி கார்வையாக நீள, கட்டைவிரல் மட்டும் ஒலிக்கும். அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த மெர்ல் டிராவிஸின் பெயரால் வழங்கும் வாசிப்பு முறையின் துள்ளல், பெரும்பாலும் தட்டுக்கு நடுவே விழும் இத்தகைய சுரங்களிலிருந்தே வருகிறது.

ஆகவே, ‘ஒன்று-உம், இரண்டு-உம்’ என்று எண்ணியபடி கீழ்ப்பங்கை மட்டும் முதலில் வாசித்து, பிறகு மேல்பங்கைத் தனியே படித்து, இறுதியில் எவை சேர்ந்து விழுகின்றன என்று பார்த்து இணைப்பதே நேரான வழி. மௌரோ ஜூலியானி 1812இல் வியன்னாவில் வெளியிட்ட நூலிலுள்ள 120 வலக்கைப் பயிற்சிகள் இதற்கு இன்றும் உதவுகின்றன. அவை அனைத்தும் இரண்டே கார்டுகளில் அமைந்திருப்பதால், இடக்கைக்கு வேலை குறைந்து, கண் முழுவதும் காம்புகளின் மீது இருக்க முடிகிறது.