கச்சான் எங்கே சூடாகிறது?

பெருநாள் லீவுக்குக் கல்முனையிலிருந்து நுவரெலியாவுக்கு வேனில் போகிறீர்களா, பிள்ளைகளே? ஒரு சிப்ஸ் பக்கட்டை உடைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அம்பாறை, மகா ஓயா, மஹியங்கனை வரை அது சாதாரணமாகவே இருக்கும். ஹசலக தாண்டிப் பதினெட்டு வளைவில் வேன் ஏறத் தொடங்கியதும் காது அடைக்கும், பக்கட்டும் மெல்ல உப்பும்.

நம் தலைக்கு மேலே உள்ள காற்றுக்கும் எடை உண்டு. உயரே போகப் போக மேலே மிஞ்சியிருக்கும் காற்று குறைவதால் அழுத்தமும் குறைகிறது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது கடற்கரை அழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கீழ்நாட்டில் அடைபட்ட பக்கட் காற்று அங்கே வெளியே தள்ளுகிறது. காதிலும் இதேதான் நடக்கிறது. எச்சிலை விழுங்கினால் செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று தொண்டைப் பக்கம் வெளியேறும், அடைப்பு விட்டுவிடும். திரும்பி வரும்போது, நுவரெலியாவில் குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தலை இறுக்கி மூடி எடுத்து வாருங்கள். ஊர் வந்து சேரும்போது அது நசுங்கியிருக்கும்.

வாப்பாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: பாதை ஏன் நேரே ஏறாமல் வளைந்து வளைந்து போகிறது? தூரம் கூடினால் சரிவு குறையும், எஞ்சினுக்கும் பாரம் குறையும்.

எனக்கு மிகப் பெரிய வியப்பு இதெல்லாம் அல்ல. வைகாசி, ஆனி மாதங்களில் நம் ஊரில் உடம்பைச் சுடும் கச்சான் காற்று இந்தக் குளிர்ந்த மலைகளைத் தாண்டித்தான் வருகிறது! அதெப்படி?

தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலையில் ஏறுகிறது. ஏறும் காற்று விரிந்து குளிரும். அதிலுள்ள நீராவி மேகமாகி, றம்பொடை, நுவரெலியாப் பக்கம் மழையாகக் கொட்டும். நீராவி நீராகும்போது தன்னிடம் ஒளிந்திருந்த மறைவெப்பத்தைக் காற்றிடமே விட்டுவிடும். அதனால் மேகத்தோடு ஏறும் காற்று ஒரு கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகை செல்சியஸ்தான் குளிர்கிறது.

மலையைத் தாண்டிய காற்றிலோ ஈரம் குறைவு. கிழக்குச் சரிவில் இறங்கும்போது அழுத்தம் கூடுகிறது. அமுக்கப்படும் காற்று சூடாகும். சைக்கிள் டயருக்குக் காற்றடித்ததும் பம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், புரியும். இப்படி இறங்கும் உலர்ந்த காற்று ஒரு கிலோமீற்றருக்குச் சுமார் பத்துப் பாகை சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறும் வெப்பம்தான் அதிகம். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைச்சரிவிலும் இப்படி ஒரு காற்று வீசுகிறது. அதன் பெயர் ஃபோன்.

கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. அது பலமாக இருக்கும் நாளில் பின்னேரக் கடற்காற்றுக்கு உள்ளே வர இடம் கிடைக்காது. அன்றைக்கு உம்மா காயப்போட்ட துணி எவ்வளவு விரைவாக உலர்கிறது என்று பாருங்கள். அதே நேரம் நுவரெலியாவில் குடை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

கார்த்திகை, மார்கழியில் காற்று திசை மாறிவிடும். வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை நம் பக்கம் கொண்டுவருகிறது. அப்போது பதுளைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் கல்லோயா பெருகி, இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தை நிரப்பும். நம் வயல்களுக்கு வாய்க்காலில் வருவது அந்தத் தண்ணீர்தான்.