ஒரே பக்கத்திற்குப் பல முகவரிகளா?

சொந்தமாக ஓர் இணைய தளம் அமைத்து, அதன் லிங்க்கினை மெயிலிலும் பேஸ்புக்கிலும் அனுப்பியிருப்பீர்கள். சில வாரங்கள் கழித்து கூகுளில் தேடினால் உங்கள் பக்கம் கிடைக்கிறது. ஆனால் முகவரியின் இறுதியில் ஒரு கேள்விக்குறி. அதன் பின் நீங்கள் வைக்காத எழுத்துகளும் எண்களும் வால் போல நீண்டிருக்கின்றன. வைரஸ் வேலையோ எனப் பயப்பட வேண்டாம். ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. இது ஏன் ஏற்படுகிறது, எப்படிச் சரி செய்வது என்று பார்க்கலாம்.

வால் எங்கிருந்து வருகிறது?

வாசகர் எந்த வழியாக வந்தார் என்று கணக்கெடுப்பதற்காகச் சேர்க்கப்படுபவை இந்த ட்ராக்கிங் குறியீடுகள். "யு.டி.எம்." எனத் தொடங்குபவை அதிகம் காணப்படும். இதில் உள்ள "யு", அர்ச்சின் என்ற நிறுவனத்தின் முதல் எழுத்து. பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் சாப்ட்வேர் தயாரித்த இந்நிறுவனத்தை 2005ல் கூகுள் வாங்கியது. அதே ஆண்டில் கூகுள் அனலிடிக்ஸ் வந்தது. குறியீடு மட்டும் பழைய பெயரிலேயே தொடர்கிறது.

விளம்பர மெயில் அனுப்பும்போது யு.டி.எம். குறியீட்டை நாமே சேர்க்கிறோம். பேஸ்புக் 2018 முதல் தன் தளத்திலிருந்து வெளியே செல்லும் லிங்க்குகளில் ஒரு கிளிக் எண்ணைத் தானாகவே சேர்க்கிறது. பிளாக்கர் தளங்களை மொபைல் போனில் திறந்தால், "எம் = 1" என்ற வால் ஒட்டிக் கொள்ளும்.

என்ன நஷ்டம்?

வீட்டில் தயாரிக்கும் மாங்காய் ஊறுகாய்க்கு ஒரு பக்கம் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். வாலில்லாத முகவரி ஒன்று, தீபாவளி மெயிலில் அனுப்பியது ஒன்று, பேஸ்புக் வழி பரவியது ஒன்று. உங்களுக்கு இது ஒரே பக்கம். தேடல் சாதனத்திற்கோ மூன்று முகவரிகள், மூன்று பக்கங்கள். இவற்றில் உள்ளவை ஒன்றே என அறிந்தவுடன், அது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும். இதற்காகக் கூகுள் தண்டனை எதுவும் தருவதில்லை. ஆனால் அது தேர்ந்தெடுப்பது மெயில் முகவரியாக இருந்துவிட்டால்?

அங்குதான் சிக்கல். கூகுளில் தேடி வந்தவர்கள் எல்லாரும் "தீபாவளி மெயில் வழியாக வந்தவர்கள்" என்று உங்கள் கணக்கில் பதிவாவார்கள். மெயிலுக்கு நல்ல பலன் என்று நம்பி, அடுத்த ஆண்டும் அதற்கே பணம் செலவழிப்பீர்கள்.

பூட்டுப் போடாதீர்கள்

பலரும் உடனே செய்வது, ரோபோட்ஸ் டெக்ஸ்ட் பைலில் வால் உள்ள முகவரிகளைத் தடை செய்வதுதான். இது பலன் தராது. அந்தப் பைல், பக்கத்தைப் படிக்க வேண்டாம் என்று மட்டுமே சொல்லும். வேறு தளங்களில் லிங்க் இருந்தால், படிக்காமலேயே முகவரியைத் தேடல் முடிவில் காட்ட முடியும். மேலும், உள்ளே நீங்கள் எழுதி வைத்துள்ள குறிப்பையும் தேடல் சாதனத்தால் படிக்க முடியாது. வாசலைப் பூட்டிவிட்டு உள்சுவரில் அறிவிப்பு ஒட்டுவது போன்றது இது.

சரியான வழி

அந்தக் குறிப்பின் பெயர் கேனானிக்கல் டேக். கூகுள், யாஹூ, மைக்ரோசாப்ட் மூன்றும் சேர்ந்து 2009 பிப்ரவரியில் இதனை அறிவித்தன. "இந்தப் பக்கத்தின் சரியான முகவரி இதுதான்" என்று, பக்கத்தின் ஹெட் பகுதியில் ஒரே வரியில் சொல்வது இது. எந்த வாலுடன் திறந்தாலும் இந்த வரி மாறாமல், வாலில்லாத முழு முகவரியையே காட்ட வேண்டும்.

1. உங்கள் பக்கத்தை பிரவுசரில் திறந்து, கண்ட்ரோல் + யு அழுத்தவும். பக்கத்தின் எச்.டி.எம்.எல். வரிகள் கிடைக்கும்.

2. கண்ட்ரோல் + எப் அழுத்தி, கேனானிக்கல் என்ற சொல்லை ஆங்கிலத்தில் டைப் செய்து தேடவும். வேர்ட்பிரஸ் 2009 டிசம்பரில் வந்த 2.9 பதிப்பு முதல் பதிவுகளுக்கு இதனைத் தானாகவே சேர்க்கிறது. இல்லையெனில் தளம் அமைத்துத் தந்தவரிடம் சேர்க்கச் சொல்லவும்.

3. உங்கள் தளத்தின் உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்திற்குத் தரும் லிங்க்குகளிலும், சைட்மேப் பைலிலும் வாலில்லாத முகவரிகளை மட்டுமே தரவும்.

4. கூகுள் சர்ச் கன்சோலில், யு.ஆர்.எல். இன்ஸ்பெக்ஷன் பிரிவில் முகவரியைத் தந்து சோதிக்கவும். நீங்கள் சொன்ன முகவரியும் கூகுள் தேர்ந்தெடுத்த முகவரியும் தனித்தனியே காட்டப்படும். கேனானிக்கல் என்பது கட்டளை அல்ல, பரிந்துரைதான் என்பதால் இந்தச் சோதனை அவசியம்.

கூகுள் முன்பு யு.ஆர்.எல். பாராமீட்டர்ஸ் என்ற டூல் ஒன்றைத் தந்து வந்தது. அது 2022ல் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய குறிப்புகளைப் படித்து அதனைத் தேட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை

சில பழைய ஷாப்பிங் சாப்ட்வேர்கள், லாக் இன் செய்தவரின் செஷன் எண்ணை முகவரியிலேயே வைக்கின்றன. அந்த முகவரி பரவினால், வேறொருவர் அவருடைய கணக்கிற்குள் நுழைய வாய்ப்புண்டு. இதற்குக் கேனானிக்கல் போதாது. செஷன் எண்ணைக் குக்கியில் வைக்கும்படி சாப்ட்வேரை மாற்றியாக வேண்டும்.

தளம் இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். நண்பருக்கு லிங்க் அனுப்பும் முன் யு.டி.எம். முதலான வாலினை நீக்கிவிட்டு அனுப்புங்கள். ஆனால் கேள்விக்குறிக்குப் பின் உள்ள அனைத்தையும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டாம். யூ ட்யூப் முகவரியில் "வி =" என்பதை அடுத்து வருவதுதான் வீடியோவின் அடையாளம். நீக்கிய பின் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.