எஞ்சினுக்கு ஒரு படிக்கம்

வெற்றிலை போடுகிறவர்கள் வீட்டில் படிக்கம் இருக்கும். கண்ட இடத்தில் துப்பாமல் இருக்க அது உதவும். மோட்டார் எஞ்சினுக்கும் அப்படி ஒரு படிக்கம் உண்டு. அதற்கு 'ஆயில் கேட்ச் கேன்' என்று பெயர். பந்தயக் கார்களில் நெடுங்காலமாக இருந்துவரும் இந்த டப்பாவைச் சாதாரணக் கார்களிலும் மாட்டும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. பெங்களூர் ஜே.சி. ரோடு, மும்பை குர்லா, டில்லி காஷ்மீரி கேட் என்று உதிரிபாகக் கடைத்தெருக்களுக்குப் போகிற நம்மவர்கள், பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் இதனால் என்ன பயன் என்று தெரிந்துகொள்வது நல்லது.

புகை வரும் வழி

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள சந்தை ரிங்குகள் அடைத்து நிற்கின்றன. ஆனால், எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் அந்த இடுக்கு வழியே நழுவி, கீழே உள்ள கிராங்க் கேஸில் இறங்கிவிடும். அங்கே சுழலும் தண்டு எண்ணெயைச் சிதறடித்துத் திவலையாக்கிக் கொண்டிருக்கிறது. வாயுவும் திவலையும் கலந்த இந்தப் புகை வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் ஒழுகத் தொடங்கும்.

அந்தக் காலத்துக் கார்களில் ஒரு குழாய் வைத்து இந்தப் புகையை ரோட்டிலேயே விட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டி எடுத்த பிறகு, 1961ஆம் ஆண்டு மாடல் முதல் கலிஃபோர்னியாவில் விற்ற புதுக் கார்களில் இந்தப் புகையை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரிக்க ஏற்பாடு செய்தார்கள். 'பி.சி.வி. வால்வு' என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். இன்று நம் நாட்டுப் பெட்ரோல் கார்களிலும் இதே ஏற்பாடுதான்.

பந்தயத்தில் ஏன் அவசியம்?

பந்தயக் காரின் எஞ்சின் உச்ச வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, புகைக்குழாய் வழியே வெளியே வந்துவிடும். அது தளத்தில் சிந்தினால் பின்னால் வருகிற கார் சறுக்கும். சோழவரத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயம் பார்த்தவர்கள் நம்மில் இருக்கலாம். தளம் வழுக்குகிறது என்று எச்சரிக்க, மஞ்சளும் சிவப்பும் பட்டையிட்ட கொடியைக் காட்டுவது பந்தய முறை. ஆகவேதான் புகைக்குழாய் திறந்திருக்கும் கார்களுக்குச் சர்வதேசச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. இந்த டப்பாவை விதியாகவே வைத்திருக்கிறது. பல பிரிவுகளில் 2,000 சி.சி. வரையிலான எஞ்சினுக்கு 2 லிட்டர், அதற்கு மேற்பட்டதற்கு 3 லிட்டர் கொள்ளளவு வேண்டும். அங்கே டப்பா மற்றவர் உயிரையும் காக்கிறது.

ரோட்டுக் காருக்கு வேண்டுமா?

ரோட்டுக் காரில் நோக்கம் வேறு. எஞ்சின் திரும்ப உறிஞ்சும் புகையோடு எண்ணெயும் போய், காற்று நுழையும் வால்வுகளின் முதுகில் கரியாகப் படிகிறது. பெட்ரோலை வால்வுக்கு முன்னே தூவும் எஞ்சின்களில் அந்தப் பெட்ரோலே வால்வைக் கழுவிவிடும். சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் புதுவகை எஞ்சின்களில் இப்படிக் கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. டர்போ வண்டிகளிலோ காற்றுக் குழாய்களில் எண்ணெய் தேங்கும். இத்தகைய வண்டிகளுக்கு டப்பா ஓரளவு உதவும். உள்ளே உள்ள தகடுகளிலும் வலையிலும் மோதி எண்ணெய்த் திவலை கீழே தங்க, வாயு மட்டும் எஞ்சினுக்குத் திரும்பும். கரி படிவதை இது குறைக்குமே தவிர, அறவே நிறுத்திவிடாது. சாதாரணச் சிறு கார்களுக்கு இதனால் ஆதாயம் குறைவு.

பந்தயக் காரைப் பார்த்து, டப்பாவின் புகையை வெளிக்காற்றில் விடும்படி மாட்டுவது தவறு. பெட்ரோல் கார்களில் கிராங்க் கேஸ் புகை வெளியே வரக்கூடாது என்பது நம் நாட்டு விதி. தவிர, காரின் அமைப்பை மாற்றினால் கம்பெனி வாரண்டிக்கும் இடைஞ்சல் வரலாம்.

மாட்டியபின் மறக்கக் கூடாது

டப்பாவை அடிக்கடி திறந்து பார்த்துக் காலி செய்ய வேண்டும். அதில் சேர்வது எண்ணெய் மட்டுமல்ல. தண்ணீரும் எரியாத பெட்ரோலும் கலந்திருக்கும். அதைத் திரும்ப எஞ்சினில் ஊற்றவே கூடாது. சாக்கடையிலும் கொட்டாமல், பட்டறையில் பழைய ஆயில் சேர்க்கும் பீப்பாயில் சேர்த்துவிடுங்கள். சிம்லா, லடாக் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் அந்தத் தண்ணீர் உறைந்து வழியை அடைத்துவிடக்கூடும். குழாய் எண்ணெயைத் தாங்கும் ரப்பராக இருப்பதும், டப்பா சைலன்சர் குழாயின் சூட்டுக்கு எட்டத்தில் இருப்பதும் முக்கியம்.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் பிடித்த பணத்தில் பழைய கார் வாங்க நினைக்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிங்குகள் தேய்ந்த எஞ்சினில் புகை அதிகமாக இறங்கும். டப்பாவை மாட்டினால் புகையின் எண்ணெய் அதில் தங்கி, நோய் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைப் பதமாகத் தளர்த்திப் பாருங்கள். லேசான ஆவி வந்தால் பயமில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால், நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு சிலிண்டர்களின் கம்ப்ரஷனைச் சோதித்த பிறகே விலை பேசுங்கள். வண்டியில் ஏற்கனவே டப்பா இருந்தால், கடைசியாக எப்போது காலி செய்தது, எத்தனை கிலோமீட்டரில் நிறைகிறது என்று கேளுங்கள். சில நூறு கிலோமீட்டரிலேயே நிறைகிறது என்றால், மராமத்து கேட்பது எஞ்சின். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.