ஒரு மரம்... என்ன விலை?

மரத்துக்கு விலை போடச் சொன்னால் நம்மில் பல பேர் விறகுக்கடைக் கணக்குதான் போடுவோம். இத்தனை டன், டன் இத்தனை ரூபாய், வெட்டுக்கூலி போக மிச்சம் இவ்வளவு. பி.காம். படித்த எனக்குக் காலேஜில் அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று இரண்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். காற்றடித்தால் அசைகிற மரம் இதில் எந்தப் பக்கம் வரும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை!

ராஜஸ்தானில் ஒரு மரத்துக்கு விலை போட்டிருக்கிறார்கள். ரூபாயில் இல்லை சார், தலையில்!

ஜோத்பூருக்குப் பக்கத்தில் கேஜர்லி என்று ஒரு கிராமம். அந்தப் பாலைவனத்தில் செழிக்கும் கேஜ்ரி மரத்தின் பெயர்தான் ஊருக்கும். வருடம் 1730. மகாராஜா அபய் சிங்குக்குப் புது அரண்மனை கட்ட ஆசை. அரண்மனைக்குச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும். கோடரிகளோடு ஆட்கள் கேஜர்லிக்கு வந்து இறங்கிவிட்டார்கள்.

அம்ரிதா தேவி என்ற பெண்மணி ஓடி வந்து மரத்தைக் கட்டிக்கொண்டார். "காசு கொடு, உன் மரத்தை விட்டுவிடுகிறோம்" என்று பேரம் பேசினார்களாம் (சர்க்கார் ஆட்கள் எந்தக் காலத்திலும் மாறுவதில்லை). அம்மா மசியவில்லை. ஒரு மரம் பிழைக்க ஒரு தலை போனால் அது மலிவான வியாபாரம் என்று சொல்லிவிட்டார். தலை விழுந்தது. அடுத்து அவருடைய மூன்று மகள்கள். சேதி பரவி, சுற்றுவட்டாரத்து 83 கிராமங்களிலிருந்து ஜனங்கள் வந்து ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப் பிடித்தார்கள். மகாராஜா காதுக்கு விஷயம் எட்டி வெட்டு நிற்பதற்குள் போன உயிர் 363. ராஜா மன்னிப்புக் கேட்டு, 'இந்த மக்களின் ஊர்களில் இனி யாரும் மரத்தில் கை வைக்கக் கூடாது' என்று உத்தரவு போட்டார்.

இவர்கள் பிஷ்னோய் வகுப்பினர். 1485-ல் ஜாம்போஜி என்ற குரு 29 கட்டளைகள் தந்து உண்டாக்கிய சமயம் இது. அங்கத்திய பேச்சில் பீஸ் என்றால் இருபது, நோய் என்றால் ஒன்பது. பச்சை மரத்தை வெட்டாதே என்பது அந்தக் கட்டளைகளில் ஒன்று. இந்துக்கள்தான், ஆனால் இறந்தவர்களை எரிக்காமல் புதைக்கிறார்கள். எரிக்க விறகு வேண்டுமே!

வெறும் பக்தியா?

அப்படி என்ன இருக்கிறது அந்த மரத்தில்? வரவு-செலவு பார்த்துவிடுவோம்.

செலவுப் பக்கம்: பூஜ்யம். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. வேர் 30 மீட்டர் ஆழம் வரை போய்த் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும்.

வரவுப் பக்கம்: மற்றதெல்லாம் கருகிக் கிடக்கும் கோடையில் இது மட்டும் துளிர்க்கும். தழை ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீனி. பிஞ்சுக் காய்க்கு சங்க்ரி என்று பெயர். காய வைத்துச் சமைத்தால் ராஜஸ்தான் கல்யாணங்களில் தவறாத அயிட்டம், கடையில் பாதாமோடு போட்டி போடும் விலை! அவரைக் குடும்பத்து மரமாகையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக மாற்றிக் கொடுக்கிறது. அதனால்தான் விவசாயி வயலுக்கு நடுவே மரத்தை விட்டுவைத்து அதன் காலடியில் கம்பு விதைக்கிறான். 1899-ல் பெரும் பஞ்சம் வந்தபோது இதன் பட்டையைப் பொடித்துத் தின்று உயிர் பிழைத்தவர்கள் உண்டு.

இப்படி ஒரு கம்பெனி இருந்தால் அதன் ஷேரை யாராவது விற்பார்களா? 1983-ல் ராஜஸ்தான் இதை மாநில மரமாக்கியது. ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கு இதுதான் தேசிய மரம். அங்கே பெயர் காஃப்.

அட, நம்ம ஆளு!

இத்தனை நேரம் வடநாட்டு மரம் என்று நினைத்துப் படித்திருப்பீர்கள். கேஜ்ரி வேறு யாருமில்லை, பிள்ளையாருக்கு இலை பறித்துப் போடுகிறோமே, அந்த வன்னி!

வன்னி என்றால் நெருப்பு. யாகத்துக்குத் தீக்கடையும் அரணிக் கட்டையோடு சம்பந்தப்பட்ட மரம். பாண்டவர்கள் அஞ்ஞாத வாசத்தின்போது ஆயுதங்களை ஒரு வருடம் ஒளித்து வைத்தது இதில்தான். வாடகை இல்லாத லாக்கர்! பயமுறுத்த ஒரு பிணத்தையும் தொங்கவிட்டார்கள், அதுதான் செக்யூரிட்டி. அந்த ஞாபகத்தில் விஜயதசமியன்று மைசூர் யானை ஊர்வலம் பன்னிமண்டபத்தில் போய் முடிகிறது. பன்னி என்றால் கன்னடத்தில் வன்னி. அன்றைக்குக் கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் இந்த இலையை 'பொன்' என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள்.

நம் விருத்தாசலம் கோயில் தலபுராணம் இன்னும் ஒரு படி மேல். விபசித்து முனிவர் திருப்பணி செய்தவர்களுக்குக் கூலியாக வன்னி இலையைக் கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொற்காசாக மாறியதாம். கோயில் கதை என்று சிரிக்காதீர்கள். ஒரு தேதிக்கு முன்னால் வந்தவன், நாள் முழுக்க டீ குடித்தவன் எல்லோருக்கும் ஒரே இன்கிரிமென்ட் போடும் நம் ஆபீசுக்கு அந்த மரத்தில் ஒரு கிளை வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

திருவிளையாடல் புராணத்தின் கடைசிப் படலத்தில் வன்னி சாட்சிக் கூண்டே ஏறுகிறது. திருப்புறம்பயத்தில் கல்யாணமான ஒரு பெண்ணைப் பார்த்து மதுரையில் மூத்த தாரம், "நடந்த கல்யாணத்துக்கு யார் சாட்சி?" என்று கேட்டுவிட, அந்த ஊர் வன்னியும் கிணறும் லிங்கமும் மதுரைக்கே வந்து நின்றனவாம். பிறழ் சாட்சி ஆகாத சாட்சி!

எனக்குத் தோன்றுவது இது: வானம் பொய்க்கிற சீமையில், எப்போதும் கைவிடாத ஒன்றை விறகுக் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்று பெரியவர்கள் பயந்திருக்கிறார்கள். அதனால் பொன் என்றார்கள், சாட்சி என்றார்கள், சாமி என்றார்கள். பக்தி என்பது அவர்கள் எழுதி வைத்த கணக்குப் புத்தகம்.

இன்றைய ரேட்

சுதந்திர இந்தியாவில் விலை இறங்கிவிட்டது. ராஜஸ்தானின் 1955-ம் வருடத்துக் குத்தகைச் சட்டத்தில் அனுமதியில்லாமல் மரம் வெட்டினால் முதல் முறை அபராதம் 100 ரூபாய் என்று எழுதி வைத்தார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை. ஆனால் சமீப ஆண்டுகளில் பிக்கானேர் பக்கம் சூரிய மின்சாரப் பண்ணைகளுக்கு நிலம் திருத்தியபோது கேஜ்ரிகள் கூட்டம் கூட்டமாகச் சாய, பிஷ்னோய்களும் மற்றவர்களும் தெருவுக்கு வந்தார்கள். கடுமையான சட்டம் வேண்டும் என்பது கோரிக்கை.

சூரிய மின்சாரம் நல்லதுதான். கரி எரிப்பது குறையும். ஆனால் ஐம்பது டிகிரி வெயிலில் நிழல், தீனி, உரம், காய் என்று சம்பளமில்லாமல் வேலை பார்த்த ஊழியனை நூறு ரூபாய் கொடுத்து வேலையை விட்டு அனுப்புவது எந்த மேனேஜ்மெண்ட்?

கால்குலேட்டர் கையோடு இருப்பதால் போட்டுப் பார்த்தேன். மரத்துக்கு நூறு என்றே வைத்தாலும், 363 மரத்துக்கு 36,300 ரூபாய். ஒரு நல்ல செல்போன் விலை.

அம்ரிதா தேவி போட்ட கணக்குதான் சரி என்று எனக்குப் படுகிறது. அவர் எந்தக் காலேஜிலும் காமர்ஸ் படிக்கவில்லை!