மட்டக்களப்பு வாவிக்கரையின் கைமருத்துவம்: ஒரு சமூகவியல் நோக்கு

நாட்டார் வைத்தியம் குறித்து நம்மிடையே இருவேறு நோக்குகள் நிலவுகின்றன. முன்னோர் கண்டவை அனைத்தும் முற்றமுடிந்த உண்மை என்பது ஒன்று. அவை யாவும் அறியாமையின் எச்சங்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. மருந்தை வழங்கும் மனிதரையும், வழங்கப்படும் சூழலையும், தயாரிக்கப்படும் முறையையும் இவை ஆராய்வதில்லை. மட்டக்களப்பு வாவிக்கரை மக்களிடையே வழங்கும் கைமருந்துகளை ஆதாரமாகக் கொண்டு, இவ்வறிவு எத்தகையது, எவ்வாறு மதிப்பிடப்படல் வேண்டும், ஏன் பதிவுசெய்யப்படல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மருத்துவரும்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி அப்பிரதேசத்தை இரு கூறாக்குகின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரிந்தது படுவான்கரை. மீனும் தென்னையும் முன்னதன் வளம். நெல்லும் பாலும் தேனும் மூலிகையும் பின்னதன் வளம். இப்பிரதேசத்தின் மருந்துப் பெட்டி இவ்விரு கரைகளின் வளங்களாலும், கடைச்சரக்குகளாலும் நிரம்பியதாகும்.

இங்கு வைத்தியம் செய்வோரை மூவகையினராகக் கொள்ளலாம். ஏடுகளையும் வாகடங்களையும் பரம்பரையாகக் கையாளும் பரிகாரிமார் முதல் வகையினர். விஷகடி, முறிவு போன்றவற்றில் தேர்ச்சி பெற்றோரும் இவருள் அடங்குவர். நூல் ஓதியும் தண்ணீர் ஓதியும் நோய் தீர்க்க முனையும் பூசாரிமாரும், முஸ்லிம் ஊர்களில் ஓதிப் பார்ப்போரும் இரண்டாம் வகையினர். மூன்றாம் வகையினர் மருத்துவிச்சியரும் வீட்டுப் பெண்களுமாவர். நாளாந்த நோய்களிற் பெரும்பாலானவற்றை முதலில் எதிர்கொள்பவர்கள் இவர்களே. எனினும் ஏட்டிலும் சட்டத்திலும் இவர்களுக்கு இடமில்லை. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றோடு சுதேச வைத்தியத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அதன் பதிவு, வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டோரையே கருதியது. அடுப்படியில் விளைந்த அறிவு அதன் எல்லைக்குள் வரவில்லை.

சூடும் குளிரும் கிரந்தியும்

கைமருந்துகள் தொடர்பற்ற துணுக்குகள் போலத் தோன்றினும் அவற்றிடையே ஓர் ஒழுங்கு உண்டு. உணவும் உடல்நிலையும் சூடு, குளிர், வாயு, கிரந்தி என வகுக்கப்படுகின்றன. பிள்ளை பெற்றவள் ‘பச்சை உடம்புக்காரி’. அவளுடல் குளிர்ந்திருப்பதாகக் கருதப்படும். ஆகவே வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, மஞ்சள், உள்ளி முதலியவை சேர்ந்த காயச் சரக்கு அவளுக்குரியது. பால் சுரக்கச் சிறு சுறா ஏற்றது. வாவியின் பெருஞ்செல்வமான நண்டும் இறாலும் கிரந்தி எனத் தவிர்க்கப்படும்.

இதற்கு எதிர்நிலையில் வைக்கப்படுவது அம்மாள் நோயாகும். சின்னமுத்து, கொப்பளிப்பான், பெரியம்மை ஆகியன வெப்பத்தின் வெளிப்பாடாகக் கொள்ளப்பட்டன. நோயாளியை வேப்பிலைப் படுக்கையிற் கிடத்தி, இளநீர் கொடுத்து, வீட்டிலே தாளிப்பை நிறுத்துவர். மதுரையை எரித்த கண்ணகியின் சினத்தைத் தணிக்க, செட்டிபாளையம், மகிழூர் போன்ற ஊர்களில் வைகாசிச் சடங்கின் முடிவில் குளிர்த்தி நடைபெறுகின்றது. தெய்வத்தைக் குளிர்விப்பதும் நோயாளியைக் குளிர்விப்பதும் ஒரே சிந்தனையின் இரு வடிவங்கள் எனலாம். கிழக்குக் கரையில் ஆய்வு மேற்கொண்ட மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இத்தொடர்பை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இச்சிந்தனை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வழங்கும் யுனானி மரபு, கிரேக்கரின் நான்கு நீர்மக் கொள்கை அரபு அறிஞர் வழியாக வந்ததன் தொடர்ச்சியாகும். சித்த மரபோ வாதம், பித்தம், கபம் என மூன்றையே கொள்ளும். கோட்பாட்டில் இவ்வாறு வேறுபடினும், தமிழரும் முஸ்லிம்களும் தடிமலுக்கு அவிக்கும் மல்லித்தண்ணீர் ஒன்றே. மெக்சிக்கோ முதலான இலத்தீன் அமெரிக்க நாடுகளிலும் உணவும் நோயும் சூடு, குளிர் எனப் பிரிக்கப்படுகின்றன. அது ஸ்பானியர் கொண்டுசென்றதா, அம்மண்ணிலே பிறந்ததா என்பது மானிடவியலாளரிடையே விவாதத்துக்குரியது.

உரைத்துப் பார்த்தல்

உள்ளொழுங்கு உடையது என்பதனால் மட்டும் ஒரு மருந்து பயனுடையதாகிவிடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

வேலியோரத்து ஆடாதோடையின் இலைக் கஷாயம் இருமலுக்கு வழங்கப்படுவது. அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்கும் புறோம்ஹெக்சின் 1960களில் உருவாக்கப்பட்டது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. எனவே கர்ப்பிணிகளுக்கு அது பாதுகாப்பானதன்று.

செங்கண்மாரிக்கு வழங்கும் கீழ்க்காய்நெல்லியின் கதை வேறு. சென்னை ஆய்வாளரும் நோபல் பரிசாளர் புளூம்பேர்க்கும் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், மருந்துண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து ஈரலழற்சி ‘பி’ வைரசின் அடையாளம் மறைந்ததாகக் கூறப்பட்டது. பிறநாட்டு ஆய்வுகள் அப்பெறுபேற்றை உறுதிசெய்யவில்லை. ஆகவே முடிவு இன்னும் எட்டப்படவில்லை என்பதே நேர்மையான கூற்றாகும்.

அம்மாள் நோயின் கட்டுப்பாடுகள் வைரசை அழிப்பன அல்ல. எனினும் வீட்டுக்கு அயலார் வராது தடுத்தது தொற்றைக் குறைக்க உதவியிருக்கும். பெரியம்மை உலகினின்று ஒழிந்ததாக 1980 இல் அறிவிக்கப்பட்டது தடுப்பூசியின் வெற்றியேயாகும்.

தீமை விளைப்பனவும் உள. பிள்ளை பெற்றவளுக்கு நீரையும் சத்துணவையும் கட்டுப்படுத்துவது அவளை மேலும் நலிவிக்கும். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பிலுள்ள அசரோன் நச்சுத்தன்மை உடையது. ஐக்கிய அமெரிக்கா 1968 இல் உணவில் வசம்பைத் தடைசெய்தது. பாம்புக்கடியோ காலத்தோடு போராடும் நிலை. இலங்கையில் ஆண்டொன்றில் 80,000 பேர் வரையில் கடியுண்டு, 400க்கு மேற்பட்டோர் இறந்தனர் என 2016 இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. வயலிலே கடியுண்ட உழவனுக்கு எதிர்நஞ்சு கிடைக்கும் இடம் வைத்தியசாலையே. கல் வைத்தலும் பார்வை பார்த்தலும் அவன் அங்கு சென்றடைவதைத் தாமதப்படுத்துமாயின், அம்மரபைப் போற்றுதல் அவனுயிரை விலையாகக் கொடுப்பதாகும். படுவான்கரையின் தூரக் கிராமங்களில் இது பாதையையும் வாகனத்தையும் பொறுத்த பிரச்சினையுமாகும். வைத்தியசாலை எட்டாத இடத்தில் மந்திரத்தை நாடுவோரைப் பழித்துப் பயனில்லை.

எழுதப்படாத அறிவு

இவ்வறிவு எழுதப்படாமையின் விளைவை இரு நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. 1995 இல், புண்ணாற்றும் மருந்தாக மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழக நிறுவனமொன்று காப்புரிமை பெற்றது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் சான்று காட்டியதால் 1997 இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. கோடிக்கணக்கான பெண்களின் கைப்பழக்கத்தைக் காத்தது எழுத்துச் சான்றேயாகும்.

மற்றையது சீன நாட்டு நிகழ்ச்சி. மலேரியாவுக்கு மருந்து தேடிய தூ யூயூ, நான்காம் நூற்றாண்டு வைத்திய நூலொன்றில், குறித்த மூலிகையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றை அருந்துமாறு கூறப்பட்டிருந்ததைக் கவனித்தார். கொதிக்கவைத்தால் அதன் ஆற்றல் கெடக்கூடும் என ஊகித்துக் குறைந்த வெப்பத்திற் பிரித்தெடுத்தார். இதன் வழி ஆட்டிமிசினின் கண்டறியப்பட்டது. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலிகையின் பெயர் மட்டும் எஞ்சியிருந்தால் இவ்வழி தோன்றியிராது. பக்குவமே மருந்தாக அமைந்தது.

நம் வாவிக்கரையில் அப்பக்குவம் பெண்களின் கையிலும் நினைவிலும் உள்ளது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியது. 2009 வரை நீடித்த போர் இரு கரை மக்களையும் பன்முறை இடம்பெயர்த்தது. இவ்வழிவுகளில் ஏடுகளோடு அவற்றை அறிந்தோரும் மறைந்தனர். மகப்பேறுகள் ஏறத்தாழ யாவும் இன்று வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. தாய்மாரின் உயிர் காத்த இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆயினும் மருத்துவிச்சியின் அறிவு கைமாறாது முடிவதும் இதனோடு நிகழ்கின்றது.

ஆகவே நாட்டார் பாடல்களையும் கூத்துக்களையும் தொகுத்த அதே கவனத்துடன் கைமருந்துகளும் தொகுக்கப்படல் வேண்டும். மூலிகையின் பெயரோடு அதன் பகுதி, பறிக்கும் காலம், அளவு, பக்குவம், பத்தியம், யாருக்கு ஆகாது என்ற எச்சரிக்கை ஆகியன குறிக்கப்படல் வேண்டும். அறிவித்தவரின் சம்மதம் பெறப்பட்டு, அவரது உரிமையும் காக்கப்படல் வேண்டும். 2010 ஆம் ஆண்டின் நகோயா உடன்படிக்கை, மரபறிவினால் விளையும் பயனில் அதனைக் காத்த சமூகங்களுக்கும் நியாயமான பங்குண்டென ஏற்றுள்ளது. வந்தாறுமூலையிலும் திருகோணமலையிலும் இயங்கும் பல்கலைக்கழகப் பிரிவுகளின் தமிழ், சித்த மருத்துவ, தாவரவியல் மாணவர் ஒருங்கிணைந்தால் இப்பணி இயலாததன்று. மருந்தின் உண்மையை ஆய்வுகூடம் பின்னர் தீர்மானிக்கலாம். ஆய்வதற்குரிய பொருளை இன்றுள்ள முதிய பெண்களிடமிருந்தே நாம் பெறவேண்டியுள்ளது.